சிவப்பழகு கிரீமின் பின்பக்கம்

விடுதி அறையின் அலமாரியில், கல்லூரிக்குப் போகும் கைப்பையில், வீட்டில் கண்ணாடிக்குப் பக்கத்தில் என்று எங்கே பார்த்தாலும் ஒரு டியூப் இருக்கிறது. அதன் முன்பக்கம் நமக்கு மனப்பாடம். பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. எழுத்து பொடியாக இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும், பாதிப் பெயர்கள் வாயில் நுழையாது. கெமிஸ்ட்ரி படித்தவர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம்.

நிறத்தைப் பற்றி நாம் பேசாமல் இல்லை. கருப்பும் அழகுதான் என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறோம், மேடையில் முழங்கியிருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் கைதட்டிய தங்கை அன்றிரவு அதே கிரீமைப் பூசிக்கொண்டுதான் படுக்கிறாள். அவளுக்கு அரசியல் தெளிவு இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களும், ஜவுளிக்கடை வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் முகத்தைப் பார்த்து விலை வைக்கிற ஊரில் அவள் வாழ்கிறாள். அவள் செய்வது கணக்குப் போட்டுச் செய்த வேலை. அந்தக் கணக்கில் அவளிடம் மறைக்கப்பட்ட எண்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் சாதி எதிர்ப்பு வேலைதான் என்பது எங்கள் கருத்து.

நிறம் சாதியைச் சொல்லுமா?

சொல்லாது. 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையிலேயே அண்ணல் அம்பேத்கர் இதைத் தீர்த்துவிட்டார். பஞ்சாபின் பிராமணரும் அங்குள்ள சமாரும் ஒரே இனவழியினர், மதராஸின் பிராமணரும் இங்குள்ள பறையரும் ஒரே இனவழியினர், சாதி என்பது இனப் பிரிவே கிடையாது என்று வாதிட்டார். 1948-இல் தீண்டத்தகாதவர்களைப் பற்றி எழுதிய நூலில் மூக்கின் அளவை வைத்து சாதியை இனமாகக் காட்டியவர்களின் புள்ளிவிவரங்களையே எடுத்து, அவை அதற்கு நேர்மாறானதைத்தான் காட்டுகின்றன என்று எழுதினார்.

அப்படியானால் "உன்னைப் பார்த்தா அந்த ஆளு மாதிரி தெரியலையே" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? நிறத்தோடு வெயிலையும் சேர்த்துப் பார்த்தால் புரியும். நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை, சித்தாள் வேலை, குப்பை வண்டி என்று யாரை வெயிலில் நிறுத்த வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. வெயில் பட்ட தோல் மெலனினைக் கூடுதலாகச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. உழைப்பு தோலில் எழுதிய கணக்கைப் பிறப்பின் அடையாளமாக மாற்றி வாசித்தவர்கள்தான் 'களை' என்றும் 'லட்சணம்' என்றும் பேர் வைத்தார்கள்.

உடலியலும் இதைத்தான் சொல்கிறது. நிறமியைச் சுரக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை, கருப்பானவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தச் செல்கள் செய்யும் நிறமிப் பொட்டலங்களின் அளவும், அவை தோலில் பரவும் விதமும்தான் வேறுபடுகின்றன. சிவப்பழகு வியாபாரம் முழுவதும் இந்தப் பொட்டலத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒன்று, அதைச் செய்யும் டைரோசினேஸ் என்ற நொதியை முடக்க வேண்டும். அல்லது பொட்டலம் மேல்தோலுக்குப் போகும் வழியை மறிக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் மேலே வெள்ளைப் பொடி பூசி மறைக்க வேண்டும். எந்தக் கிரீமைக் கையில் எடுத்தாலும் இந்த மூன்றில் எது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

1975-இல் நடந்த மூன்று விஷயங்கள்

இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது 1975-இல். அதன் முக்கியச் சரக்கு நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்.

அதே ஆண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன், தன் சகாவோடு சேர்ந்து நிறம் நீக்கும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றின் கலவை. இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் 'மூணு மருந்து கிரீம்' என்று கிடைப்பது அதன் வாரிசு. இந்தக் கிளிக்மேன் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தியவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கருப்பின மக்கள். அதற்காக அந்த நகர நிர்வாகம் 2022-இல்தான் மன்னிப்புக் கேட்டது.

மூன்றாவது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மருத்துவ ஆய்வு. ஹைட்ரோகுவினோன் கிரீம்களைத் தொடர்ந்து பூசிய கருப்பினப் பெண்களின் கன்னங்களில் நீலம் பாய்ந்த கருந்திட்டுகள் படிகின்றன என்று அங்குள்ள மருத்துவர்கள் 1975-இல் எழுதினார்கள். ஓக்ரோனோசிஸ் என்று அதற்குப் பெயர். வெளுப்பதற்காகப் பூசியதே நிரந்தரக் கருமையைத் தந்தது. ஆக ஆபத்து அன்றைக்கே தெரியும். தெரிந்த பிறகுதான் இத்தனை ஆண்டு வியாபாரம் நடந்திருக்கிறது.

பின்பக்கத்தைப் படிக்கும் முறை

முதல் விதி, வரிசை. நம் நாட்டு அழகுசாதன விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். எனவே முதல் ஐந்தாறு பெயர்கள்தான் அந்த டியூபின் பெரும்பகுதி. பெரும்பாலும் தண்ணீர், ஸ்டீரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள், கிளிசரின் என்று இருக்கும்.

இரண்டாவது, அந்த 1 சதவீதக் கோடு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதனப்பொருள் இதற்கு உதவும். ஐரோப்பிய விதிகள் அதை 1 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. இங்கேயும் பொதுவாக அந்த அளவுக்குள்தான் சேர்க்கிறார்கள். பட்டியலில் அதற்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் 1 சதவீதமோ அதற்குக் குறைவோதான். முன்பக்கத்தில் குங்குமப்பூவும் பாதாமும் படமாகப் பூத்திருக்கும். பின்பக்கத்தில் அவை வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கீழே இருப்பதெல்லாம் வீண் என்றும் நினைத்துவிடக் கூடாது. ரெட்டினால் போன்ற சில பொருள்கள் 1 சதவீதத்துக்கும் குறைவான அளவிலேயே வேலை செய்பவை.

மூன்றாவது, எண்கள். சி.ஐ. 77891 என்றால் டைட்டானியம் டைஆக்சைடு, வெள்ளைப் பொடி. சி.ஐ. 77019 என்றால் மைக்கா, மினுமினுப்பு. பூசிய உடனே முகம் பளிச்சென்று ஆகிறதா? இந்த இரண்டில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும் வெளுப்பு அது.

நான்காவது, விலை. டியூபின் விலையைப் பார்க்காமல் கிராம் கணக்கில் வகுத்துப் பாருங்கள். 25 கிராம் 100 ரூபாய் என்றால் கிராமுக்கு 4 ரூபாய். 80 கிராம் 200 ரூபாய் என்றால் கிராமுக்கு 2 ரூபாய் 50 காசு. கையில் 100 ரூபாய் மட்டும் இருப்பவர் வாங்குவது எப்போதும் கிராமுக்கு அதிக விலையுள்ள சின்ன டியூபைத்தான். சாஷேக்களிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்களுக்கென்று தனியாக விற்கும் கிரீமையும் பெண்கள் கிரீமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டியலைப் படித்தால், எவ்வளவு வித்தியாசம் சரக்கில், எவ்வளவு டப்பாவின் நிறத்தில் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

'இயற்கை', 'கெமிக்கல் இல்லாதது', 'தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது' என்ற சொற்கள் விளம்பரச் சொற்கள். தண்ணீரும் கெமிக்கல்தான். எத்தனை பேரிடம், எதை, எப்படிச் சோதித்தார்கள் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. இயற்கைதானே என்று எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளம் போடும், அந்த இடம் கருத்தும் போகும்.

மூன்று வகைக் கிரீம்கள்

எல்லாவற்றையும் 'கெமிக்கல்' என்று ஒரே மூட்டையில் கட்டினால் ஆபத்தானதும் ஆபத்தில்லாததும் ஒன்றாகிவிடும். பிரித்துப் பார்ப்போம்.

முதல் வகை, உரிமம் பெற்ற பெரிய கம்பெனிகளின் கிரீம். நியாசினமைடு நிறமிப் பொட்டலம் மேலே போகும் வழியைக் கொஞ்சம் மறிக்கிறது. 2 முதல் 5 சதவீத அளவில் திட்டுகளும் தழும்பின் கருமையும் ஓரளவு மங்கும். பூசுவதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும். பிறவி நிறத்தை அது மாற்றாது. பெரும்பாலோருக்குப் பெரிய தீங்கும் செய்யாது. இங்கே பிரச்சினை சரக்கில் இருப்பதைவிட அதைச் சுற்றி விற்கப்படும் பொய்யில் இருக்கிறது. அதே நியாசினமைடு 'சிவப்பு' என்ற சொல்லே இல்லாத சாதாரண கிரீம்களிலும் கிடைக்கிறது. 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் உலகம் கொதித்தபோது ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. 45 ஆண்டுகளாகப் பதிந்த 'ஃபேர்' ஒரே அறிவிப்பில் போய்விட்டது. அந்த 45 ஆண்டில் பெண்கள் மனதில் பதிந்ததை எந்த அறிவிப்பு எடுக்கும்?

இரண்டாம் வகை, மருந்துக் கடை டியூப். இதுதான் நாங்கள் களத்தில் அதிகம் பார்ப்பது. பட்டியலில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், ஃபுளூசினோலோன் என்ற பெயர்களில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நாளுக்கு எழுதித் தர வேண்டிய மருந்து. முகத்தில் பூசினால் முதல் இரண்டு வாரம் அற்புதமாக இருக்கும். பரு அடங்கும், நிறம் தெளியும். தோழிக்கும் வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் தோல் காகிதம்போல மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். பரு கொத்தாக வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். நம்மைப் போன்ற கருத்த தோலில் எந்த எரிச்சலும் புண்ணும் ஆறும்போது கருந்திட்டை விட்டுச் செல்லும். அதை மறைக்க இன்னொரு டியூப். தோல் மருத்துவர்கள் நெடுநாள் போராடியதன் பேரில் 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. கடையில் போய் நிறத்துக்கு ஒரு கிரீம் என்று கேட்டுப் பாருங்கள், சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

மூன்றாம் வகைக்குப் பின்பக்கமே கிடையாது. பியூட்டி பார்லரிலும் ஃபேன்ஸி ஸ்டோரிலும் வாட்ஸ்அப் குழுவிலும் விற்கும் சின்ன ஜாடி. தயாரித்தவர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, இறக்குமதிப் பதிவு எண் இல்லை. ஒரே வாரத்தில் வெளுக்கும். இவற்றில் பல ஜாடிகளில் டைரோசினேஸை முடக்குவது பாதரசம். இந்திய விதிப்படி கண் பகுதிக்கான பொருள்களைத் தவிர மற்ற அழகுசாதனங்களில், தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்தியாவும் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாடு, பாதரசம் சேர்த்த எல்லா அழகுசாதனங்களையும் 2025-க்குள் ஒழிக்க முடிவு செய்தது.

இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்குக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் சாட்சி. அங்கே கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 'மெம்பிரனஸ் நெஃப்ரோபதி' என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். நுரைத்துப் போகும் சிறுநீர், வீங்கும் கால் ஆகியவை இதன் அடையாளங்கள். 2023-இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனை போட்டது.

ஜாடியில் எழுத்து ஏதாவது இருந்தால் மெர்குரி, மெர்குரஸ் குளோரைடு, கலோமெல் என்ற சொற்களைத் தேடுங்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் மீது படாமல் வையுங்கள் என்ற எச்சரிக்கை இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாதரசம் ஆவியாகும். ஒரே துண்டைப் பயன்படுத்தும் வீட்டில், பூசாத அம்மாவுக்கும் மடியில் கிடக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

பட்டியல் சொல்லாதவை

பின்பக்கம் பொருளின் பெயரைச் சொல்லும். அதைத் தோண்டியது யார் என்று சொல்லாது. மைக்காவை நம் ஊரில் காக்காப்பொன் என்பார்கள். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதிகளிலும் அதையொட்டிய பீகாரிலும் மூடப்பட்ட சுரங்கங்களின் குழிகளில் குழந்தைகள் இறங்கிப் பொறுக்கிய காக்காப்பொன் உலக அழகுசாதனச் சந்தைக்குப் போனதைச் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். குழி சரிந்து குழந்தைகள் இறந்த செய்தி 2016-இல் உலகெங்கும் வந்தது. அந்தக் குடும்பங்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் ஏராளம். நம் முகத்தில் மினுங்குவது நம் பிள்ளைகளின் விரல் பட்டதாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கேட்போம். சருமப் பராமரிப்பு என்று இத்தனை பேசுகிறார்களே, அது யாருடைய சருமத்துக்கு? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் குரோமிய உப்புக் கரைசலில் கைவிட்டு வேலை செய்கிறவர்களுக்கும், ஈரச் சிமெண்டைக் குழைக்கிறவர்களுக்கும் அதே குரோமியத்தால் தோல் வெடித்து ஒவ்வாமை வரும். பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் தூவும் தூய்மைப் பணியாளரின் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கைகளுக்கு முதலில் தேவை நல்ல கையுறை. அடுத்து பெட்ரோலியம் ஜெல்லி, கிளிசரின், யூரியா கலந்த கிரீம். மூன்றுமே பழைய, விலை குறைந்த, நன்றாக வேலை செய்யும் பொருள்கள். இவற்றுக்கு நடிகையை வைத்து விளம்பரம் எடுக்க மாட்டார்கள். சருமப் பராமரிப்பு தொழிலாளர் உரிமைக் கோரிக்கையாக நம் துண்டறிக்கைகளில் வர வேண்டும்.

படிப்பதோடு நின்றால் போதுமா?

போதாது. ஒவ்வொரு பெண்ணும் ரசாயனம் படித்துத் தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், கம்பெனிக்கும் அரசுக்கும் அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. இதை அரசியலாக்கிய முன்னுதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஸ்டீவ் பிகோவும் அவர் உருவாக்கிய மாணவர் அமைப்பும், தோலை வெளுக்கும் கிரீமை நிறவெறி ஆட்சி கருப்பர் மனதில் விதைத்த தாழ்வின் அடையாளமாகப் பார்த்தார்கள். 1976-இல் நீதிமன்றக் கூண்டில் நின்றபோதும் பிகோ அதைப் பற்றிப் பேசினார். அந்த உணர்வும் மருத்துவர்களின் ஆதாரமும் சேர்ந்து 1990-இல் சட்டமானது. அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனுக்குத் தடை, 'வெளுக்கும்' என்று விளம்பரம் செய்வதற்கே தடை. கள்ளச் சந்தையில் இன்றும் அங்கே கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் சட்டம் யார் பக்கம் என்பதில் அங்கே குழப்பமில்லை.

இங்கே? ஆளைக் கருப்பு என்று தாழ்த்தும் விளம்பரம் கூடாதென்று 2014-இல் விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது தொழில்துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் தோல் சிவப்பாக்கும் வாக்குறுதியையும் சேர்க்க 2020 பிப்ரவரியில் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. அது வரைவாகவே கிடக்கிறது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு மாலை, அவரவர் கிரீமை எடுத்துவரச் சொல்லிச் சேர்ந்து படியுங்கள். திட்டவும் வேண்டாம், கேலியும் வேண்டாம். ஸ்டீராய்டு பூசி முகம் கெட்டவர்களைத் தனியே விடாமல் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பாதரசக் கிரீம் என்று சந்தேகம் வந்தால் உடனே நிறுத்தி, சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். ஜாடியை மூடிப் பையில் கட்டி, மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். முகவரியில்லாத ஜாடிக்கும் அதை விற்ற கடைக்கு முகவரி உண்டு. சமூகவியலும் வேதியியலும் படிக்கும் மாணவர்கள் உங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் ஜாடிகளை ஆய்வுத் திட்டமாக எடுங்கள். பொருள்களின் பட்டியல் தமிழிலும் படிக்கக்கூடிய அளவு எழுத்திலும் இருக்க வேண்டும், சிவப்பாக்கும் வாக்குறுதி சட்டப்படி குற்றமாக வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளை அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் சேர்ப்போம்.

தோலைக் கவனித்துக்கொள்ள ஆசைப்படுவதில் தவறே இல்லை. நம் உடலைத் தொடக் கூடாது என்று சொன்ன சமூகத்தில் நம் உடலை நாமே அக்கறையோடு தொடுவதும் சுயமரியாதைதான். அந்த அக்கறையோடு டியூபைத் திருப்பிப் படித்துவிட்டு, எது வேண்டும் எது வேண்டாம் என்று அந்தத் தங்கையே முடிவு செய்யட்டும்.

ஜெய்பீம்.